மூத்த கை

பினாங்கு
14-2-1988

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், கமலவேணி, மகள் சுபாஷிணி மூவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மச்சானுக்கு இருமல் நின்றதா? பேச்சி படிப்பை முடித்துவிட்டாளா?

மூன்று வருடமாகக் கடிதம் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. துறைமுகத்தில் என்னை மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள். மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை. ஒரு நல்ல சேதி. சுபாஷிணிக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். பையன் வக்கீல். அப்பா தர்மலிங்கம் இங்கே பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஆசாரமான குடும்பம். பூர்வீகம் எது, குலதெய்வம் எது என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆற்றோரக் காளி கோயில் இன்னும் இருக்கிறதா? பழைய தகரக் கூரைதானா, இல்லை மாற்றிக் கட்டினார்களா? உடனே எழுது. வீட்டு விலாசத்துக்கு வேண்டாம். கீழே உள்ள துறைமுக விலாசத்துக்குப் போடு.

அன்புத் தம்பி
கே. ராயன்


மேடான், கம்போங் கெலிங்
6-3-1988

மாமாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்லப் பேச்சி எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்கக் காளி துணை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அப்பா இருமலுக்கு மருந்து குடிக்கிறார், கிராம்புச் சிகரெட்டும் குடிக்கிறார். நான் பள்ளியை முடித்து ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். இந்தோனேசியப் பெயர்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் அங்கே என் பெயர் சுலாஸ்திரி.

கடிதத்தின் அடியில் இருந்த உங்கள் பெயரைப் படித்ததும் அம்மா சிரித்தாள். "கே. ராயனா? காத்தவராயன்ல மிச்சத்தக் கப்பல்லயே விட்டுட்டானா?" இதையும் எழுதச் சொன்னாள்.

கோயில் இருக்கிறது, தகரக் கூரைதான். போன ஆடியிலும் கரகம் எடுத்தோம். அப்பா பறையை ஆற்றங்கரையில் தரையில் வைத்துவிட்டு, எப்போதும்போல மூன்று முறை கூப்பிட்டார்: "காத்தவராயா, மூத்த கை வை!" தாத்தா வீட்டு மூத்த ஆண் முதல் அடி அடிக்காமல் கரகம் தூக்கக் கூடாது என்பதால், நீங்கள் போன நாளிலிருந்து உங்களைக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, உங்களுக்குப் பதிலாகத்தான் அப்பா அடிக்கிறார். "எங்க இருந்தாலும் அவன் காதுல விழும்" என்பாள் அம்மா.

கல்யாணம் எப்போது என்று எழுதுங்கள். "அத்த இல்லாம பொண்ணு மணவறையில உக்காரலாமா?" என்று கேட்கிறாள். கப்பலுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் தோட்டை விற்பாளாம். வேறு தோடு கிடையாது.

பேச்சி


பினாங்கு
2-4-1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது என்கிறார்கள். இனிப்பை விட்டுவிட்டேன்.

இந்த முழங்காலோடு நீ கடல் தாண்டி வர வேண்டாம். தோட்டை விற்காதே. அத்தை முறையைக் கமலவேணியின் நாத்தனார் முறையில் ஒருவர் செய்துவிடுவார்.

இப்போது வேறொரு விஷயம். பேச்சுவாக்கில் சம்பந்தியிடம், என் அப்பா மேடானில் காளி கோயிலைப் பார்த்துக்கொண்டவர் என்று சொல்லியிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் அதைத் தர்மகர்த்தா என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நான் மறுக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் முதல் பத்திரிகையைப் பெண் வீட்டுக் குலதெய்வத்தின் காலடியில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார்களாம். தோபா ஏரியையும் பார்த்ததாகும், மேடானின் பழைய இந்தியர் தெருக்களையும் சுற்றிப் பார்த்ததாகும் என்று ஆடியில் கிளம்ப நாள் குறித்துவிட்டார்கள். நானும் கூட வருகிறேன். வேண்டாம் என்று சொல்ல வழி இல்லை.

மற்றது பிறகு.

தம்பி
ராயன்


மேடான்
25-4-1988

மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவுக்குக் கால் வலி போன இடம் தெரியவில்லை. உங்கள் சர்க்கரைக்குப் பாகற்காய் சாறு குடிக்கச் சொல்கிறாள்.

கடிதத்தில் அம்மா காதில் விழுந்தது ஒரே வரிதான்: நானும் கூட வருகிறேன். அதற்கு முன்னால் எழுதியதும் பின்னால் எழுதியதும் அவளுக்குள் போகவே இல்லை. சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு நீலச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. இரண்டு சேவல் வளர்கின்றன. அப்பா பறைக்குப் புதுத் தோல் போட்டிருக்கிறார். "மச்சான் கை வைக்கிற அன்னிக்குப் பழைய தோலா?" என்கிறார். போன வாரம் பாபுரா ஆறு ஏறி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அம்மா முதலில் தூக்கி மேலே வைத்தது அரிசியை அல்ல, பறையை.

சம்பந்தி வீட்டார் காரம் சாப்பிடுவார்களா என்று கேட்கிறாள்.

இனி நான் சொல்வது. அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு நான்கு தடவை படித்துக் காட்டினேன். எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. புரியவைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்களே எழுதுங்கள்.

பேச்சி


பினாங்கு
29-5-1988

அன்புள்ள பேச்சிக்கு,

மாமா எழுதுவது. நலம். எல்லாருடைய நலத்தையும் விரும்புகிறேன். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

நீ படித்த பெண். உனக்குத்தான் எழுதுகிறேன். அம்மாவிடம் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல். சம்பந்தி நல்ல மனிதர், ஆனால் பழைய ஆள். நம் விஷயம் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். சுபாஷிணிக்கு இருபத்து நான்கு வயது. அந்தப் பையன்மேல் உயிராக இருக்கிறாள். அவளுக்கும் எதுவும் தெரியாது. கமலவேணி கேட்டதில்லை, நான் சொன்னதில்லை.

ஒரே ஒரு பொழுதுதான். அம்மா என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம். கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா என்று சொல்லிக்கொள்கிறேன். நீ மாமா என்று வந்து நிற்காதே. சமைக்க வேண்டாம், நாங்கள் விடுதியில் சாப்பிட்டுக்கொள்வோம். மச்சான் தள்ளியே இருக்கட்டும். அந்த மேளத்தை அன்றைக்கு வெளியே எடுக்காமல் இருந்தால் நல்லது.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதே. உனக்கும் நாளைக்குப் பிள்ளை பிறந்தால் தெரியும்.

மாமா


மேடான்
20-6-1988

மாமாவுக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே என நம்புகிறேன்.

எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்லச் சொன்னீர்கள். அப்படியே படித்தேன், ஒரு சொல் விடாமல். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

அப்பாதான் கேட்டார்: "அப்ப அன்னிக்கு நான் யாரு? எனக்கு ஒரு பேரு குடுத்திருக்கானா, இல்ல பேரே கெடையாதா?"

"சும்மா இரு. பொண்ணு கல்யாணம்" என்றாள் அம்மா.

"எம்பொண்ணுக்கும்தான் கல்யாணம் வரும். தாய்மாமன் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"ஒரு பொழுதுதானே கேக்குறான். என் உசுரயா கேக்குறான்?"

பிறகு அம்மா ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். யாரும் உங்களைத் தெரிந்தமாதிரி காட்டக் கூடாது. வந்தால் வணக்கம் சார் என்று சொல்ல வேண்டும். எங்கள் சந்து சொன்ன சொல் தவறாது. சேவல்களை விற்றுவிட்டோம்.

ஒன்று மட்டும் முடியாது. பறை இல்லாமல் கரகம் கிளம்பாது. அது உங்களுக்கே தெரியும். மேளம் என்று எழுதியிருந்தீர்கள். அது பறை, மாமா. எழுதினால் கை வெந்துவிடாது.

பேச்சி


மேடான்
12-8-1988

மாமாவுக்கு,

இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அம்மா எழுந்திருக்கிறாள், சோறு ஆக்குகிறாள். சுகம் என்று எழுத வரவில்லை.

நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். ஆனால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். ஆகவே எங்கள் பக்கமிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

வேனைவிட்டு இறங்கியதுமே சம்பந்தி அம்மா சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தார். தர்மலிங்கம் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சரித்திரப் புகழ் பெற்ற இந்தியர் குடியிருப்புன்னு புத்தகத்துல போட்டிருக்கான். இவ்ளோதானா?" என்றார். எங்கள் துணிக்கொடியைப் படம் எடுத்தார். கோயில் வாசலில் அம்மா துடைப்பத்தோடு நின்றாள். இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். பெருக்குகிறவள் நல்ல சேலை கட்டமாட்டாள் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

"ஏம்மா, கொஞ்சம் குனிஞ்சு பெருக்குற மாதிரி நில்லு" என்றார் சம்பந்தி. அம்மா குனிந்தாள். அந்த முழங்காலோடு, அவர் படம் எடுத்து முடிக்கும்வரை குனிந்தே நின்றாள். நீங்கள் கோபுரத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து நின்றீர்கள். நம் கோயிலுக்குக் கோபுரம் கிடையாது, மாமா.

காளியின் காலடியில் பத்திரிகையை வைத்தார்கள். பூசாரியின் விரல் படாமல் திருநீறு வாங்கச் சம்பந்தி அம்மாவுக்கு நன்றாகவே பழகியிருக்கிறது. பிறகு அவர் வீட்டுக்காரர் உங்களைக் கேட்டார்: "ராயன், இந்தத் தெருவுல நம்ம ஆளுங்க எத்தன வீடு?"

"இப்ப யாரும் இல்லீங்க. எல்லாம் போயிட்டாங்க."

"அதானே பாத்தேன். மூஞ்சியிலயே எழுதியிருக்கே."

வணக்கம் சார் என்று சொல்லக் காத்திருந்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு.

ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கேதான் நாங்கள் தவறினோம். ஒவ்வொரு வாயையும் அடைத்து வைத்த அம்மாவுக்கு அந்தக் கூப்பாடு மட்டும் ஞாபகத்துக்கு வரவே இல்லை. அப்பாவுக்கும் வரவில்லை. எனக்கும்தான். உங்களைக் கூப்பிடுவதாக எங்களில் யாருமே நினைப்பதில்லை. விடிந்தால் சேவல் கூவுவதுபோல அது பாட்டுக்கு வரும். அப்பா பறையைத் தரையில் வைத்தார். நிமிர்ந்து கூப்பிட்டார்: "காத்தவராயா, மூத்த கை வை!"

முதல் கூப்பாட்டிலேயே அவருக்கு விளங்கிவிட்டது, முகம் மாறியது. ஆனால் தொடங்கியதை நிறுத்தக் கூடாது. இரண்டாவது கூப்பாடு, மூன்றாவது கூப்பாடு. ஒரு கை தூரத்தில் நீங்கள் நின்றீர்கள், பட்டுச் சட்டையில். ஊரே உங்களைப் பார்க்கக் கூடாது என்று ஆற்றைப் பார்த்தது.

"யாருய்யா அது காத்தவராயன்? பேரே ஒரு மாதிரியா இருக்கே" என்றார் தர்மலிங்கம்.

"அவன் செத்து ரொம்ப வருஷம் ஆச்சுங்க. பழக்கத்துல கூப்பிடுறானுங்க."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். காது கேட்காததுபோல நின்றிருக்கலாம். எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். கரகத்துக்கு முன்னால் நின்று செத்தான் என்று சொன்னீர்கள். நீர்க்குடத்தோடு அம்மா உங்கள் பின்னால்தான் நின்றாள்.

அப்பா பறையை எடுக்கக் குனிந்தார். "எடுக்காத. மூத்த கை செத்துப்போச்சாம். சடங்கு கழியாம யாரு தொடுறது?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை.

பறை இல்லாமல், கைமணியை மட்டும் ஆட்டிக்கொண்டு கரகம் கிளம்பியது. சம்பந்திக்கு ஏமாற்றம். "மேளம் இல்லாம என்ன திருவிழா? காசு குடுத்தா அடிப்பான். நீங்களே குடுங்க" என்று ரூப்பியா நோட்டை உங்கள் கையில் திணித்தார். நீங்கள் அதை வாங்கி அப்பாவிடம் நீட்டினீர்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டீர்கள், பார்த்தேன். அதனால் உங்கள்மேல் எனக்கு இரக்கம் வந்துவிடவில்லை.

"எழவு வீட்டுல கூலி வாங்குறதில்லீங்க" என்றார் அப்பா.

"திமிரப் பாத்தீங்களா, ராயன்?"

"ஆமாங்க" என்றீர்கள்.

வேறு ஒன்றும் இல்லை.

பேச்சி


பினாங்கு
9-9-1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மழை பிடித்துக்கொண்டது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

வந்துபோனது சம்பந்தி வீட்டாருக்கு மிகவும் திருப்தி. கோயிலில் ஒரு சாந்நித்தியம் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்கிறார். நீ நிற்கும் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறார். கல்யாணம் அக்டோபர் 30. மண்டபம், சமையல் எல்லாம் முடிவாகிவிட்டது. நகைக்கு மட்டும் அலைச்சல்.

அன்று ஆற்றங்கரையில் வாய் தவறி ஏதோ வந்துவிட்டது. மனசில் வைத்துக்கொள்ளாதே. உனக்கும் பேச்சிக்கும் இரண்டு சேலை அனுப்பியிருக்கிறேன்.

தம்பி
ராயன்


மேடான்
20-9-1988

தம்பிக்கு,

அக்கா சொல்லப் பேச்சி எழுதுவது. என் சொல்லை மாற்றாமல் அப்படியே எழுது என்றாள், எழுதுகிறேன்.

"நல்லா இருக்கேன்டா. நீயும் நல்லா இரு. சேல வந்துச்சு. என் படத்தக் கடையில மாட்டியிருக்குன்னு எழுதியிருந்த. பாக்குறவங்க இது யாருன்னு கேட்டா என்ன சொல்லுறாங்க?

"ஊரு கூடிப் பேசிச்சு. சாமிக்கு முன்னால சொன்ன சொல்லு, அப்படியே விட முடியாதுங்குறாங்க. ஒண்ணு, நீ வந்து பறையில கை வச்சு, உசுரோடதான் இருக்கேன்னு ஒரு அடி அடிச்சிட்டுப் போ. இல்லன்னா செத்தவனுக்குச் செய்யவேண்டியதச் செஞ்சுட்டு, கைய வேற ஆளுக்கு மாத்தணும். அடுத்த மாசம் அமாவாசை வரைக்கும் பொறுக்கச் சொல்லி நான் எல்லார் கால்லயும் விழுந்திருக்கேன்.

"தனியா வாடா. தொறமொகத்து வேலைன்னு சொல்லிட்டு வா. கருக்கல்ல வந்து ஒரு அடி, அவ்ளோதான். அடுத்த கப்பல்லயே திரும்பிடு. ஒருத்தருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு நான் வரல. அத்த முறையும் கேக்கல. படத்துல குனிஞ்சே நின்னுக்குறேன். நீ செத்தவனா மட்டும் இருக்காத."

எழுதி முடித்ததும் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். 'வாடா' என்று இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். எழுத்துத் தெரியாது, இடம் தெரிந்துகொண்டாள்.

பேச்சி


பினாங்கு
4-10-1988

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் நலம்.

இந்தச் சமயத்தில் நான் மேடான் போனால் ஏன், எதற்கு என்று ஆயிரம் கேள்வி வரும். சம்பந்தியும் கூட வருகிறேன் என்று கிளம்பினாலும் கிளம்புவார். கையில் பெண்ணை வைத்துக்கொண்டு நான் எதையும் பணயம் வைக்க முடியாது.

யோசித்துப் பார்த்தேன். ஊர் சொல்வதும் சரிதான். சொன்ன சொல் சொன்னதாகவே இருக்கட்டும். செய்யவேண்டியதைச் செய்துவிடுங்கள். அந்தப் பெயரை இனி யாரும் ஆற்றங்கரையில் கூப்பிடாமல் இருந்தால் அது என் மகளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் நல்லது. நீ புரிந்துகொள்வாய். சின்ன வயதிலிருந்தே என்னைப் புரிந்துகொண்டவள் நீ ஒருத்திதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராயன்


மேடான், கம்போங் கெலிங்
15-10-1988

பினாங்கு, திரு கே. ராயன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள்.

எங்கள் ஆற்றோரக் காளி கோயிலின் மூத்த கையாக இருந்த காத்தவராயன் காலமானார். உடல் கிடைக்காத சாவு என்பதால் வைக்கோலில் உருவம் செய்து, அவருக்காகப் போட்டிருந்த புதுத் தோலைப் பறையிலிருந்து கழற்றி அதன்மேல் போர்த்தி, அமாவாசையன்று ஆற்றங்கரையில் எரித்தோம். கொள்ளி வைத்தவர் அவருடைய மச்சான் சடையன்.

அந்த வீட்டில் வேறு ஆண் இல்லை. மருமகன் பதிலுக்கு அடிக்கலாமே தவிர, மூத்த கை அவருக்கு வராது. ஊர் நீண்ட நேரம் பேசி, மூத்த பிறப்பு என்று அவருடைய அக்கா அமிர்தத்திடம் பறையைக் கொடுத்தது. பெண் கை வைப்பது எங்களுக்கு இதுதான் முதல் தடவை. அவர் அடித்த முதல் அடி, தம்பியின் பிணத்துக்கு அடித்தது.

தாங்கள் ஆடியில் இங்கே வந்தபோது, அவர் இறந்துவிட்டதை எங்களுக்கு முதன்முதலில் தெரிவித்தவர் என்பதால் எழுதலானோம். விலாசம் காளியின் காலடியில் வைத்த பத்திரிகையில் இருந்து எடுத்தது. சுபகாரியம் நடக்கும் வீட்டுக்கு இழவுச் செய்தி அனுப்பியதைப் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
சடையன் மகள் பேச்சி


பினாங்கு
26-10-1988

அன்புடையீர்,

நலம். தாங்கள் அனைவரும் மனத் தைரியத்துடன் இருக்க வேண்டுகிறேன். தங்கள் சகோதரர் காத்தவராயன் மறைந்த செய்தி அறிந்து வருந்தினோம். அன்னாரைப் பிரிந்து வாடும் தங்களுக்கு எங்கள் குடும்பத்தின் சார்பிலும், சம்பந்தி திரு தர்மலிங்கம் சார்பிலும் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். காளி தங்களுக்கு ஆறுதல் அருள்வாளாக.

இப்படிக்கு
கே. ராயன்

மேலே இருப்பது சம்பந்திக்குப் படித்துக் காட்ட எழுதியது. கல்யாண வேலையாக வீட்டில் இருந்தவர் உங்கள் கடிதத்தை அவரே பிரித்துவிட்டார். "அன்னிக்குக் கூப்பிட்டாங்களே, அந்த ஆளா? இப்பத்தான் காரியம் பண்ணுறாங்களா? பாவம், ஒரு பதில் போட்டுடுங்க, மரியாதையா இருக்கும்" என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்து, 'ஆழ்ந்த' என்று சேர்க்கச் சொன்னதும் அவர்தான். சந்தேகம் எதுவும் இல்லை. கல்யாணம் நல்லபடியாக நடக்கும். அவர் இப்போது பந்தல்காரனோடு பேசப் போயிருக்கிறார்.

அக்கா, நீ எப்படி அடித்தாய் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்காக யாராவது அழுதார்களா? அதை மட்டும் பேச்சியை எழுதச் சொல். ஒரு வரி போதும்.

உறையின் மேல் அனுப்பியவர் பெயர் போட வேண்டாம்.